பழைய ஹைட்ராலிக் ஜாக்கியைச் சரிசெய்ய: சீலும் ஆயிலும் தேடி மலையிலிருந்து ஒரே ஒரு முறை இறங்கினால் போதும்

நீலகிரியில் பிக்கப்போ ஜீப்போ வைத்திருக்கிற வீடுகளில் கொட்டகை மூலையில் ஒரு பழைய பாட்டில் ஜாக்கி கிடக்கும். அடித்தால் ஏறாது, ஏறினால் நிற்காது. இரும்பு விலைக்குப் போடவும் மனம் வராமல் அப்படியே இருக்கும். அதில் பெரும்பாலானவை சாகவில்லை. உடம்பு முழுக்கத் தடித்த எஃகு, அது நம்மைவிட அதிக நாள் இருக்கும். செத்திருப்பது உள்ளே ஆயிலைக் கசியாமல் அடைக்கிற மூன்று நான்கு ரப்பர் வளையங்கள், அதாவது சீல்கள்தான்.

அந்த வளையங்களை வாங்குவதுதான் இங்கே சிரமம். நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம். மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 33 கி.மீ. இறக்கம், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு இன்னும் 35 கி.மீ. போய் வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. என் முதல் ஜாக்கிக்காக மூன்று முறை இறங்கினேன். முதல் முறை ஜாக்கியின் பெயரையும் "5 டன்" என்பதையும் மட்டும் சொல்லிக் கேட்டேன், ஒருவரிடமும் இல்லை. இரண்டாம் முறை பழைய சீலை எடுத்துப் போனேன். அதே அளவில் ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் சிலிண்டருக்குள் நுழையவே இல்லை. மூன்றாம் முறை ஒரு ஹைட்ராலிக் கடைக்காரர்தான் சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஊறிப்போன சீல அளந்து என்னங்க பண்றது? அது உக்காந்திருந்த பள்ளத்த அளந்துட்டு வாங்க." இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அந்த வார்த்தையை வையுங்கள்.

கழற்றும் முன்னால்

ஜாக்கிக்குள் இரண்டு பிஸ்டன்கள். கைப்பிடியோடு ஆடுவது சின்னது, வண்டியைத் தூக்குவது பெரியது. சின்னது தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சி, பெரியதன் அடியில் தள்ளுகிறது. ஆயில் திரும்பி வராமல் இரண்டு எஃகுக் குண்டுகள் வழியை அடைக்கின்றன. இறக்குவதற்கென்று ஒரு ரிலீஸ் ஸ்க்ரூ, அதன் நுனியில் பெரும்பாலும் இன்னொரு குண்டு. அவ்வளவுதான். ஆனால் அழுத்தம் சாதாரணமானதல்ல. பெரிய பிஸ்டன் 30 மி.மீ. விட்டம் என்று வைத்து 5 டன்னைத் தூக்கினால், உள்ளே ஒரு சதுர செ.மீ.க்கு 700 கிலோ அளவில் அழுத்தம் நிற்கும். கார் டயரில் இருப்பது இரண்டரை கிலோவுக்குச் சற்று முன்னே பின்னே. பாரம் ஏறியிருக்கும்போது ஆயில் கசிகிற இடத்தை விரல் வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிபோலப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்ன கோளாறு என்று கழற்றுவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பாரத்தோடு நிற்கும்போது கைப்பிடி தானாக மேலே எழும்பினால், பெரிய பிஸ்டனுக்குப் போகும் வழியில் உள்ள குண்டு சரியாக உட்காரவில்லை. கைப்பிடி அசையாமல் இருந்தும் ஜாக்கி மெல்ல இறங்கினால் ரிலீஸ் ஸ்க்ரூவின் குண்டு அல்லது பெரிய பிஸ்டனின் சீல். அடிக்க அடிக்க ஏறவே இல்லையென்றால் ஆயில் குறைவு, காற்று அல்லது உறிஞ்சும் பக்கத்துக் குண்டு. பஞ்சுபோல அழுந்தி அழுந்தி ஏறினால் காற்றேதான்.

அப்புறம், உள்ளே இருக்கும் ஆயிலைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள சின்ன ரப்பர் மூடியைப் பிடுங்கி, கொஞ்சம் சாய்த்து நாலு சொட்டு எடுங்கள். பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆறு மாதம் பனியிலும் சாரலிலும் கொட்டகையில் கிடந்த ஜாக்கிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன், மூடி ரப்பர் காய்ந்து வெடித்த வழியில் ஈரம் போயிருக்கும். இன்னொரு சொட்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் மினரல் ஆயில், நல்லது. தண்ணீரோடு கரைந்துபோனால் யாரோ பிரேக் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய ஜாக்கிகள் கெடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் பிரேக் ஆயில். "அதுவும் ஹைட்ராலிக்தானே" என்று நல்லெண்ணத்தோடுதான் ஊற்றுகிறார்கள். நானும் ஒரு கடையில் அப்படிச் சொன்னதைக் கேட்டு ஊற்றினேன், இரண்டு வாரம் அருமையாக வேலை செய்தது. பிறகு சீல் ஊறி உப்பி, சிலிண்டரில் இறுகி, பிஸ்டன் பாதியிலேயே நின்றுவிட்டது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை, அதற்கென்றே இ.பி.டி.எம். போன்ற ரப்பரைப் பிரேக்கில் போடுகிறார்கள். ஜாக்கியில் இருப்பது நைட்ரைல் ரப்பர், மினரல் ஆயிலுக்குப் பிறந்தது. இரண்டையும் மாற்றிப் போட்டால் எந்தப் பக்கமும் பிழைக்காது. உங்கள் ஜாக்கியில் பிரேக் ஆயில் இருந்தது தெரிந்தால் பார்க்க நன்றாக இருக்கும் ரப்பர் உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

கழற்றுவது

வெளிப்புறத்தை முதலில் டீசல் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். மண் உள்ளே போனால் புது சீல் போட்டும் பயனில்லை. ரிலீஸ் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பெரிய பிஸ்டனைக் கீழே அமுக்கி, ஆயிலை ஒரு டப்பாவில் வடியுங்கள்.

அடிப்பாகத்தை வைஸில் இறுக்கிப் பிடித்து, மேலே உள்ள பெரிய அறுகோண நட்டைத் திருப்ப வேண்டும். பல ஆண்டுத் துரு என்றால் எளிதில் வராது. மரையைச் சுற்றி டீசல் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பெரிய பைப் ரெஞ்சுக்கு நீளமான குழாய் மாட்டி, உதறாமல் ஒரே சீராக அழுத்துங்கள். நெருப்புக் காட்டித் தளர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ஆயில் இருக்கிறது, வேண்டாம். வைஸ் இல்லாவிட்டால் பக்கத்து லேத் பட்டறையிலோ, தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டரிடமோ கொண்டு போங்கள்.

ஒவ்வொரு பாகம் வெளியே வரும்போதும் கைப்பேசியில் படம் எடுங்கள். சீலின் வாய் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது படத்தில் தெரிய வேண்டும். குண்டுகள் உருண்டு ஓடும், ஆகவே ஓரம் உயர்ந்த தட்டின் மேல் வைத்து வேலை செய்யுங்கள். எந்தக் குண்டு எந்தத் துளையிலிருந்து வந்தது, கூட ஸ்பிரிங் இருந்ததா என்று அப்போதே எழுதிவிடுங்கள். குண்டு வெளியே வராவிட்டால் காந்தம் வையுங்கள்.

சீலின் பக்கத்தில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ, மெல்லிய கெட்டியான தட்டை வளையம் ஒன்று இருக்கலாம். அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அது பேக்கப் ரிங். அழுத்தத்தில் ரப்பர் இடுக்குக்குள் பிதுங்காமல் காப்பது அதுதான். அழுத்தம் வராத பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும்.

பாரம் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்று அடிப்பாகத்தில் இருக்கலாம், தனி ஸ்க்ரூவும் ஸ்பிரிங்குமாக. அதன் இறுக்கத்தை மாற்றாதீர்கள்.

அளவெடுப்பது

ஒரு வெர்னியர் காலிப்பர் வேண்டும், சொந்தமாக இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். அடிக்கோலை வைத்து அளந்தால் இந்த வேலை ஆகாது.

பெரிய பிஸ்டனுக்கு மூன்று அளவு. ஒன்று, சீல் உட்காரும் பள்ளத்தின் அடி விட்டம். இரண்டு, பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்விட்டம். மூன்று, பள்ளத்தின் அகலம். உதாரணமாக சிலிண்டர் 30 மி.மீ., பள்ளத்தின் அடி 24 மி.மீ. என்றால், சீல் நிரப்ப வேண்டிய இடைவெளி ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ. யூ-சீல் (வெட்டிப் பார்த்தால் U வடிவில், ஒரு பக்கம் வாய் திறந்தது) என்றால் கடையில் "24, 30, உயரம் இவ்வளவு" என்று கேட்பீர்கள். ஓ-ரிங் (வெட்டுமுகம் வட்டமாக உள்ள சாதாரண ரப்பர் வளையம்) என்றால் தடிப்பு இந்த இடைவெளியைவிட அதிகமாக இருக்க வேண்டும், நசுங்கி நின்றால்தானே அடைக்கும். பத்திலிருந்து இருபது சதவீதம் நசுங்குவது போல எடுங்கள். 3 மி.மீ. இடைவெளிக்கு 3.5 சரியாக வரும். உள்விட்டம் பள்ளத்தின் அடியைவிடக் கொஞ்சம் சிறியதாக, இழுத்துப் போடும்படி இருக்கட்டும். பள்ளத்தின் அகலம் ஓ-ரிங்கின் தடிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் அங்கே பேக்கப் ரிங்கும் இருந்திருக்கலாம், முன்பு கழற்றியவர் தொலைத்திருப்பார்.

நீலகிரியில் பழைய எஸ்டேட்களிலிருந்து வந்த ஜாக்கிகள் சில இங்கிலாந்தில் செய்தவை, அவை அங்குல அளவில் இருக்கும். அங்குல ஓ-ரிங்கின் தடிப்புகள் 1.78, 2.62, 3.53, 5.33 மி.மீ. என்று போகும். மெட்ரிக்கில் 2, 2.5, 3, 3.5 என்று வரும். 1.78 போட வேண்டிய இடத்தில் 2 போட்டால் பிஸ்டன் இறுகும், 2.62க்குப் பதில் 2.5 போட்டால் கசியும். அளந்த எண் மெட்ரிக்கில் முழுதாக வராமல் முரண்டு பிடித்தால், 25.4ஆல் வகுத்துப் பாருங்கள். முக்கால், ஒன்றேகால் என்று அழகாக வந்தால் அது அங்குல ஜாக்கி.

சின்ன பிஸ்டனுக்கும் இதே மூன்று அளவு. சிலவற்றில் சீல் பிஸ்டனிலேயே இருக்கும், சிலவற்றில் அது ஓடும் துளைக்குள் இருக்கும், படம் போட்டுக் குறியுங்கள். மேல் நட்டில் இருக்கும் ரிங், தொட்டியின் மேலும் கீழும் உள்ள வாஷர், ரிலீஸ் ஸ்க்ரூவின் ஓ-ரிங், நிரப்பும் துளையின் ரப்பர் மூடி, குண்டுகளின் விட்டம் எல்லாம் அந்தத் தாளில் ஏற வேண்டும். ஒன்று விட்டுப் போனாலும் இன்னொரு முறை இறங்க வேண்டியதுதான்.

மிகப் பழைய ஜாக்கியில் ரப்பருக்குப் பதில் தோல் கிண்ணம் இருக்கும். கிழியாமல் காய்ந்து மட்டும் போயிருந்தால், சுத்தமான ஹைட்ராலிக் ஆயிலில் இரண்டு நாள் ஊற வைத்துப் பாருங்கள், பல சமயம் உயிர் வந்துவிடும். கிழிந்திருந்தால் அதே அளவில் யூ-சீல் போடலாம், உயரம் ஒத்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடையில் என்ன கேட்பது

வெறுமனே "ஆயில் சீல்" என்று கேட்காதீர்கள். ஆயில் சீல் என்றால் கடைக்காரர் எடுப்பது சுழலும் தண்டுக்குப் போடுகிற, உள்ளே வளையமாய் ஸ்பிரிங் வைத்த சீல். அது கியர் பாக்ஸிலும் சக்கரத்திலும் ஆயிலைத் தடுக்கும், ஜாக்கியின் அழுத்தத்தில் ஒரு நிமிடம் தாங்காது. "ஹைட்ராலிக் யூ-சீல்" அல்லது "யூ-கப்" என்று கேளுங்கள். ஓ-ரிங்குக்கு "நைட்ரைல், ஹைட்ராலிக்குக்கு" என்று அழுத்திச் சொல்லுங்கள். குழாய் ஃபிட்டிங் கடையில் கிடைக்கும் கறுப்பு ரிங்கும், பிரேக் சாமான் கடையில் கிடைப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அவை இ.பி.டி.எம். ஆக இருக்கலாம். மினரல் ஆயிலில் அவை ஊறிவிடும். சிவப்பு சிலிக்கோன் ரிங்கும் வேண்டாம், எளிதில் கிழியும். யூ-சீலில் பாலியூரித்தேன் கிடைத்தால் வாங்கலாம், ரப்பரைவிட நெடுநாள் உழைக்கும். தண்ணீர் கலந்த ஆயிலில் மட்டும் அது மெல்ல நைந்துபோகும்.

எங்கே தேடுவது? மலையில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரில் பேரிங் விற்கும் கடையிலும் டிராக்டர் சாமான் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், ஓ-ரிங்கும் குண்டும் அங்கேயே கிடைத்துவிடலாம். மேட்டுப்பாளையத்தில் லாரிப் பட்டறைகளைச் சுற்றியுள்ள சாமான் கடைகளில் பாதி வேலை முடியும். மீதிக்குக் கோயம்புத்தூர். பம்பு செட்டுக்கும் வார்ப்புப் பட்டறைக்கும் பேர் போன ஊர், ஹைட்ராலிக் சிலிண்டர் பழுது பார்ப்பவர்களும் சீல் மட்டுமே விற்பவர்களும் இருக்கிறார்கள். கையிருப்பில் இல்லாத அளவை லேத்தில் கடைந்து தருகிற கடைகளும் உண்டு. கிளம்புவதற்கு முன் தாளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிக் கேளுங்கள். வாங்கும்போது ஒவ்வொன்றிலும் இரண்டாக வாங்குங்கள். மாட்டும்போது ஒன்று வெட்டுப்பட்டால் அதற்காக இன்னொரு நாள் வீணாகும்.

குண்டுகளுக்குக் கோவை வரை போக வேண்டாம். 3/16 அங்குலம் சைக்கிளின் முன் சக்கரக் குண்டு, 1/4 அங்குலம் பின் சக்கரக் குண்டு. சைக்கிள் கடையில் புதுக் குண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

எந்த ஆயில்

ஹைட்ராலிக் ஆயில் டப்பாவில் 32, 46, 68 என்று எண் இருக்கும். 40 டிகிரி வெப்பத்தில் அது எவ்வளவு கொழகொழப்பு என்பதைக் காட்டும் எண். எண் கூடினால் தடிமன் கூடும். மண் அள்ளும் இயந்திரங்களுக்கு வாங்குவது 46, 68, அதனால் மலையிலும் அதுதான் முதலில் கைக்கு வரும். ஆனால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாக உறைந்து நிற்கிற ஊர் இது. ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் 68 ஊற்றிய ஜாக்கியை அடித்துப் பாருங்கள், கை வலிக்கும், இறக்கும்போது இறங்கவே இறங்காது. நமக்கு 32 போதும், 22 கிடைத்தால் ஊட்டிக்கு இன்னும் நல்லது. சர்வோ சிஸ்டம் 32, என்க்லோ 32 போன்றவை பெட்ரோலிய நிறுவனங்களின் ஆயில் விற்பவர்களிடம் கிடைக்கும். ஒரு லிட்டர் வாங்கினால் கழுவி ஊற்றவும் மிச்சம் வைக்கவும் போதும். மூடாத டின்னிலிருந்து அளந்து கொடுப்பதை வாங்காதீர்கள்.

அவசரத்துக்குப் பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயில் ஒத்து வரும். என்ஜின் ஆயில் சீலைக் கெடுக்காது, ஆனால் குளிரில் தடித்துப்போகும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்து மாட்டுவது

உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுங்கள், பெட்ரோல் வேண்டாம். துளைகளில் பஞ்சர் கடைக் காற்றைப் பாய்ச்சுங்கள். நூல் உதிரும் துணியால் துடைக்காதீர்கள்.

பெரிய பிஸ்டனில் துரு இருந்தால் ஆயில் தொட்ட 600 நம்பர் தண்ணீர்த்தாளில் தொடங்கி 1000 நம்பரில் முடியுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்காமல் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் விழும் கீறல் ஒவ்வொன்றும் ஆயிலுக்கு ஒரு வாய்க்கால். நகம் சிக்கும் அளவு குழி விழுந்திருந்தால் புது ரிங்கையும் அது அறுத்துவிடும், ஹார்டு குரோம் (கெட்டியான குரோமியப் பூச்சு) போட்டுக் கடைய வேண்டும். சிலிண்டரின் உட்புறம் அப்படிக் குழி விழுந்திருந்தாலோ, பிஸ்டன் வளைந்திருந்தாலோ, அடிப்பாகத்தில் விரிசல் இருந்தாலோ அந்த ஜாக்கியை விட்டுவிடுங்கள். வெல்டு வைத்து ஒட்டிய ஜாக்கியின் கீழ் ஒருவரும் கை நீட்டக் கூடாது.

குண்டு உட்காரும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். பழைய குண்டை அதன் துளையில் வைத்து, மேலே பித்தளைக் கம்பியை நிறுத்தி, சுத்தியால் ஒரே ஒரு அடி, மிதமாக. உட்காரும் விளிம்பு வட்டமாகச் சீராகும். பிறகு பழைய குண்டை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். சீல் எல்லாம் மாற்றியும் இறங்கிக்கொண்டே இருந்த ஒரு ஜாக்கி எனக்கு இந்த ஓர் அடியில்தான் நின்றது. செம்பு வாஷர் இருந்தால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மறுபடி மென்மையாகிவிடும்.

புது சீல்களை ஊற்றப் போகும் ஆயிலிலேயே நனையுங்கள். பாலியூரித்தேன் சீல் விறைப்பாக இருந்தால் சுடுதண்ணீரில் சில நிமிடம் போட்டு, துடைத்துவிட்டு மாட்டுங்கள். மரையைத் தாண்டி ரிங் போக வேண்டிய இடத்தில் கழுவிய பால் கவரை மரையின் மேல் சுற்றி, அதன் மேல் வழுக்கவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வெட்டுப்படும். யூ-சீலின் திறந்த வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும், பெரிய பிஸ்டனில் அது கீழ்ப்பக்கம். தலைகீழாகப் போட்டால் ஜாக்கி ஓர் அங்குலம் கூட ஏறாது.

ஆயில் நிரப்பி, காற்று எடுத்து, சோதிப்பது

ஜாக்கி நேராக நிற்க, பெரிய பிஸ்டன் முழுவதும் இறங்கியிருக்க, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றுங்கள். பிஸ்டன் மேலே இருக்கும்போது நிரப்பினால், இறக்கும்போது ஆயிலுக்குப் போக இடம் இருக்காது, மூடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

ரிலீஸ் ஸ்க்ரூவைத் திறந்து வைத்தபடி பத்துப் பதினைந்து முறை வேகமாக அடியுங்கள். பிறகு மூடி, பாரமில்லாமல் முழு உயரத்துக்கு ஏற்றி, திறந்து, கையால் அமுக்கி இறக்குங்கள். மூடியை ஒரு நொடி தூக்கிக் காற்றை விட்டு, ஆயில் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள். கைப்பிடி முதல் அடியிலேயே கெட்டியாகப் பிடிக்கும் வரை திரும்பச் செய்யுங்கள். மூன்று நான்கு முறையில் வந்துவிடும்.

சோதனைக்குச் சமதளத்தைத் தேடுங்கள். நம் ஊரில் அதுவே கஷ்டம், ஆனாலும் வீட்டு முன் சரிவில் வேண்டாம். ஹேண்ட் பிரேக், முதல் கியர், மற்ற சக்கரங்களுக்கு இருபுறமும் கல். ஜாக்கியின் அடியில் தடித்த பலகை வையுங்கள், செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ நொறுங்கிவிடும். சக்கரம் தரையைவிட்டு ஒரு விரல் எழும்பியதும் நிறுத்தி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டைத் தயாராக வைத்துவிட்டு, தரைக்கும் பம்பருக்கும் உள்ள உயரத்தை டேப்பில் அளந்து எழுதுங்கள். அரை மணி கழித்து மறுபடி அளங்கள். ஒரு மி.மீ. கூட மாறவில்லையென்றால் ஜாக்கி தேறிவிட்டது. தேறினாலும் ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஜாக்கியின் வேலை தூக்குவது மட்டும்.

வடித்த பழைய ஆயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம். இங்குள்ள ஓடைகள் பல பவானிக்கோ மாயாற்றுக்கோ போகின்றன, மாயாறும் கடைசியில் பவானியில்தான் சேர்கிறது. டப்பாவில் மூடி வைத்து, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். ஜாக்கியைப் பிஸ்டன் முழுவதும் இறங்கிய நிலையில், நேராக நிறுத்தி, தலைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டி, தரை ஈரம் படாத பலகை மேல் வையுங்கள். அளவு எழுதிய தாளையும் மிச்ச சீல்களையும் ஒரு டப்பாவில் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.